டெம்ப்ளர் சபை எப்போது, எப்படித் தொடங்கியது?

சிலுவைப் போர்க் காலத்தில் துறவு வாக்குறுதியோடு போரிட்ட கிறித்தவக் குதிரைவீரர் சபையினரான டெம்ப்ளர் வீரர்கள் தோன்றிய ஆண்டை ஒரு காணொளி 1118 என்றும், ஒரு பாடநூல் 1119 என்றும், வேறொரு கட்டுரை 1120 என்றும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதே ஒன்பது குதிரைவீரர்கள், ஒன்பது ஆண்டுகள், வேறு எவரையும் சேர்த்துக்கொள்ளாமல் ஜெருசலேமுக்குச் செல்லும் வழிகளைக் காவல் காத்தார்கள் என்பதை நம்பலாமா, அல்லது காணொளிக்காரர் சொல்வதுபோல் அவர்கள் சாலமோன் ஆலயத்தின் அடியில் எதையோ தோண்டிக்கொண்டிருந்தார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆண்டைப் பற்றிய கேள்வி, எண்ணிக்கையைப் பற்றிய கேள்வி, புதையலைப் பற்றிய கேள்வி என மூன்று இருப்பதுபோல் தோன்றினாலும், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான் என்று எனக்குப் படுகிறது: இந்தச் சபையின் தொடக்கக் கதையை நமக்குச் சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரிந்தது? அதற்கு விடை கிடைத்தால் மற்ற மூன்றும் ஓரளவு தாமாகவே தெளிந்துவிடும்.

நான் கல்லூரியில் இடைக்கால ஐரோப்பிய வரலாற்றைப் பல ஆண்டுகள் நடத்தியவன். இலத்தீன் மூலங்களை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படிக்க வரும். சிரியாக் மொழி தெரியாது, ஆகவே கீழே வரும் மிகாயேலின் சாட்சியத்தை மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் டெம்ப்ளர்களைத் தொட்டவுடன் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் புதையலைப் பற்றியதாகவே இருக்கும். அவர்களுக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது ஒரு மௌனம். முதல் சிலுவைப் போரில் தானே பங்கேற்று, பின்பு ஜெருசலேமில் குடியமர்ந்து, 1127 வரை நடந்தவற்றை ஆண்டுவாரியாக எழுதிவைத்தவர் ஷார்த்ர் நகரத்து ஃபுல்ஷேர் என்ற குரு. எலிகள் பெருகியதையும் நிலம் அதிர்ந்ததையும்கூட விடாமல் குறித்துவைத்தவர் அவர். அரசனின் அரண்மனைக்கும் டெம்ப்ளர்கள் தங்கிய இடத்திற்கும் நடந்தே போகும் தொலைவில் வாழ்ந்த அந்த மனிதர், அவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் எழுதாததால் அப்படி ஒரு குழுவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அக்காலத்து வேறு பத்திரங்கள் அக்குழு இருந்ததைக் காட்டுகின்றன. ஆனால் ஊரில் இருந்த கூர்மையான பார்வையாளர் ஒருவருக்கே குறித்துவைக்கத் தோன்றாத அளவுக்கு அது சிறியதாக, அல்லது பெயரும் வடிவமும் இன்னும் உறுதியாகாததாக இருந்தது என்று கொள்ளலாம். சபையின் சொந்த ஆவணங்களாவது கைகொடுக்குமா என்றால், நடு ஆவணக் காப்பகம் நமக்குக் கிடைக்கவில்லை. அது சைப்ரசுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1571-இல் அத்தீவு ஒட்டோமானியர் வசமானபோது அழிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. ஆகவே தொடக்கத்தைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் வெளியார் சொன்னவை. அவையும் பிற்காலத்தில் சொல்லப்பட்டவை.

எல்லோரும் திரும்பத் திரும்ப எடுத்தாளும் கதை தீர் நகரப் பேராயர் வில்லியம் எழுதியது. அவர் சொல்வதன் சாரம் இது. குதிரைவீரர் மரபைச் சேர்ந்த, இறைப்பற்று மிக்க சிலர், ஜெருசலேம் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தையின் முன்னிலையில், கற்பு, கீழ்ப்படிதல், தனியுடைமை இன்மை ஆகிய வாக்குறுதிகளைக் கொடுத்து, ஆலயத்துத் துறவியரைப்போல் வாழ முற்பட்டார்கள். அவர்களில் முதன்மையானவர்கள் ஷாம்பான் பகுதியின் பயான் ஊரைச் சேர்ந்த ஹ்யூக், ஃபிளாண்டர்ஸ் பகுதியின் செயின்ட் ஓமேர் ஊரைச் சேர்ந்த காட்ஃப்ரே. தங்க இடமும் ஆலயமும் இல்லாத அவர்களுக்கு, சிலுவைப் போர்வீரர்கள் கைப்பற்றிய ஜெருசலேமின் அரசன் இரண்டாம் பால்ட்வின் தன் அரண்மனையிலேயே ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒதுக்கிக் கொடுத்தான். பாவ மன்னிப்புக்காக முதுபெரும் தந்தை அவர்களுக்கு இட்ட பணி, இயன்ற அளவு வழிப்பறிக்காரர்களிடமிருந்து பாதைகளையும் குறிப்பாகத் திருப்பயணிகளையும் காப்பது. ஒன்பது ஆண்டுகள் தனிச் சீருடை இல்லாமல் மக்கள் தானமாகக் கொடுத்த உடைகளையே உடுத்தினார்கள். ஒன்பதாம் ஆண்டில் பிரான்சின் த்ருவா நகரில் கூடிய ஆயர் பேரவை அவர்களுக்கு ஒழுங்குவிதிகளையும் வெள்ளை அங்கியையும் வழங்கியது. அப்போதும் அவர்கள் ஒன்பது பேராகவே இருந்தார்கள். இவ்வளவும் 1118-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு சேர்த்து அவர் நூலில் வருகிறது. காணொளியில் நீங்கள் கேட்ட 1118, ஒன்பது பேர், ஒன்பது ஆண்டு ஆகிய மூன்றுக்கும் ஊற்றுக்கண் இந்த ஒரே பகுதிதான்.

வில்லியம் ஜெருசலேமில் பிறந்தவர், பிரான்சிலும் இத்தாலியிலும் கற்றவர், அவர் காலத்து வரலாற்று எழுத்தாளர்களில் தலைசிறந்தவர்களுள் ஒருவர். இருந்தும் இந்த இடத்தில் அவரை இரண்டு காரணங்களுக்காகக் கவனமாகப் படிக்க வேண்டும். முதலாவது, அவர் பிறந்ததே 1130 அளவில். இந்தப் பகுதியை எழுதியது 1170-களிலும் 1180-களின் தொடக்கத்திலும். சபை தோன்றி அப்போது ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. தம் பிறப்புக்கு முந்தைய நிகழ்ச்சிகளின் ஆண்டுகளை அவர் தவறாகக் குறிப்பது மற்ற இடங்களிலும் காணப்படுகிறது. இரண்டாவது காரணம் இதைவிடக் கனமானது. 1139-இல் திருத்தந்தை (போப்) இரண்டாம் இன்னசென்ட் வெளியிட்ட ஆணைமடல் டெம்ப்ளர்களை உள்ளூர் ஆயர்களின் அதிகாரத்திலிருந்து விலக்கி, நேரே உரோமையின் பாதுகாப்பில் வைத்தது; அவர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. பத்திலொரு பங்குக் காணிக்கையில் ஆயர்களுக்கு வரவேண்டியது இதனால் குறைந்தது. வில்லியம் ஒரு பேராயர். அதே பகுதியின் கடைசி வரிகளில், முன்னூறு வீரர்களும் கணக்கற்ற சொத்துகளும் உள்ள இந்தச் சபை தன்னைத் தோற்றுவித்த முதுபெரும் தந்தைக்கே கீழ்ப்படிய மறுத்துவிட்டது என்று மனம் நொந்து எழுதுகிறார். இந்த முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு தொடக்கத்தைத் திரும்பப் படித்தால், வாக்குறுதி முதுபெரும் தந்தையின் முன்னிலையில் கொடுக்கப்பட்டது, பணி அவரால் இடப்பட்டது, உடை பிறர் போட்ட பிச்சை என்றெல்லாம் அவர் ஏன் அழுத்திச் சொல்கிறார் என்பது விளங்கும். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தமக்கு எட்டிய செய்திகளில் எவற்றை எடுக்க வேண்டும், எவற்றை விட வேண்டும் என்பதை ஆயர்களுக்கும் சபைக்கும் இடையிலான அந்தச் சண்டை தீர்மானித்திருக்கிறது.

அந்தச் சண்டை எவ்வளவு சூடாக இருந்தது என்பதற்கு 1179-இல் உரோமையில் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை சான்று. டெம்ப்ளர்களும், அவர்களைப்போன்ற மற்றொரு சபையான மருத்துவமனைச் சபையினரும் தங்கள் சலுகைகளை மீறிப் பயன்படுத்துவதைக் கண்டிக்கும் விதியொன்று அங்கே நிறைவேறியது. வில்லியம் அச்சங்கத்தில் கலந்துகொண்டார். இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றியின் அவையைச் சேர்ந்த வால்ட்டர் மேப் என்ற குருவும் அங்கே இருந்தார். அவரும் டெம்ப்ளர்களின் தொடக்கத்தை எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய கதை வேறு. பர்கண்டியிலிருந்து வந்த பேகன் என்ற ஒற்றை வீரர், ஜெருசலேமுக்குச் சற்றுத் தள்ளி குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும் ஒரு குளத்தருகே கிறித்தவர்கள் அடிக்கடி பதுங்கித் தாக்கப்படுவதைக் கண்டு, தன்னந்தனியாக அந்தக் குளத்தைக் காவல் காக்கத் தொடங்கினாராம். எதிரிகளின் தொகை பெருகியபோது ஆலயத்துத் துறவிகளிடம் ஒரு கூடத்தைக் கேட்டுப் பெற்று, வந்துபோகும் திருப்பயணிகளிலிருந்து ஆள் சேர்த்தாராம். அரசனும் முதுபெரும் தந்தையும் இந்தக் கதையில் இல்லை. வால்ட்டர் மேப் அவையினர் சிரிக்கும்படி கதை சொல்பவர். அன்று எளிமையாக இருந்தவர்கள் இன்று எப்படி ஆகிவிட்டார்கள் பாருங்கள் என்று குத்திக்காட்டவே அந்தக் குளம் அவருக்குத் தேவைப்பட்டது. ஆகவே குளத்தை வரலாறாக நான் ஏற்பதில்லை. ஆனால் ஒரே தலைமுறையைச் சேர்ந்த, ஒரே சங்கத்தில் அமர்ந்திருந்த இருவர் இவ்வளவு வேறுபட்ட கதைகளைச் சொல்ல முடிந்தது என்றால், 1180 அளவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட தொடக்க வரலாறு ஒன்று புழக்கத்தில் இருக்கவில்லை என்பது தெரிகிறது.

மூன்றாவது சாட்சி சிரிய மரபுத் திருச்சபையின் முதுபெரும் தந்தை மிகாயேல். 1166 முதல் 1199 வரை அப்பதவியில் இருந்தவர். பேராயர் வில்லியமுக்கு இருந்த காணிக்கைச் சண்டை இவருக்கு இல்லை என்பதால் இவர் குரலில் கசப்பும் இல்லை. இவர் கணக்கில் வந்தவர்கள் ஒன்பது பேர் அல்ல. ஹ்யூக்கோடு முப்பது வீரர்கள். அரசனுக்காக மூன்று ஆண்டுகள் போரிட்ட பிறகு துறவு மேற்கொள்ள நினைத்த அவர்களை, துறவு மடத்துக்குள் போய் முடங்குவதைவிட வீரர்களாகவே இருந்து இந்த இடங்களைக் கொள்ளையரிடமிருந்து காப்பதே மேல் என்று அரசன் சம்மதிக்க வைத்து, சாலமோன் இல்லத்தையும் உணவுக்காகச் சில ஊர்களையும் கொடுத்தான் என்கிறார். இந்தக் கதையில் முன்முயற்சி அரசனுடையது. முப்பது என்பதும் ஒரு வட்ட எண்தான்; அதையும் நான் அப்படியே தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனால் அரசனுக்குப் போர்வீரர்கள் தேவைப்பட்டார்கள் என்ற உள்ளடக்கம் காலத்தோடு நன்றாகப் பொருந்துகிறது.

இம்மூவரையும்விட ஏறத்தாழ ஒரு தலைமுறை முற்பட்ட குறிப்பு ஒன்று உண்டு. பொதுவாசகர்கள் அதை அவ்வளவாக அறிவதில்லை. செயின்ட் ஓமேரில், அதாவது காட்ஃப்ரேயின் சொந்த ஊரில் இருந்த புனித பெர்த்தாங் மடத்துத் துறவி சீமோன் 1130-களின் நடுப்பகுதியில் எழுதியது அது. முதல் சிலுவைப் போருக்குப் பின் நாடு திரும்ப விரும்பாத சில வீரர்கள், பிரபுக்களின் அறிவுரைப்படி உலகைத் துறந்து, உடைமைகளை விட்டு, கூட்டு வாழ்வும் எளிய உடையும் ஏற்று, தேவை நேர்ந்தால் மட்டும் நாட்டைக் காக்க ஆயுதம் எடுப்பதாக உறுதிபூண்டார்கள் என்கிறார் சீமோன். எண்ணிக்கை இல்லை, முதுபெரும் தந்தை இல்லை, திருப்பயணிகளின் பாதையும் இல்லை. மாறாக, பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் வழங்கிய, எர்னூல் என்பவர் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் குறிப்பு, அவர்கள் முதலில், இயேசுவின் கல்லறை இருந்த இடமாகக் கருதப்படும் ஜெருசலேம் திருக்கல்லறை ஆலயத்துத் தலைவருக்குக் கீழ்ப்பட்டு, அங்கே உண்டு உறங்கி இருந்தவர்கள் என்கிறது. நாட்டுக்கு வாள் தேவைப்படும் நேரத்தில் ஒரு குருவுக்குக் கீழ்ப்படிந்து சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, தலைவரிடம் விடைபெற்று அரசனிடம் போனார்களாம். மருத்துவமனைச் சபையினர் தங்கள் பந்தியில் மிஞ்சிய உணவை அவர்களுக்கு அனுப்பினார்களாம். காலத்தால் பிந்தியது என்றாலும் இதை என்னால் எளிதாக ஒதுக்க முடியவில்லை. டெம்ப்ளர்கள் தங்கள் அன்றாட வழிபாட்டில் திருக்கல்லறை ஆலயத்தின் முறையையே பின்பற்றினார்கள் என்பது உறுதியான செய்தி; அது எப்படி வந்தது என்பதற்கு இக்கதை பொருத்தமான விளக்கம் தருகிறது. அந்த ஆலயத்தோடு இணைந்த, குருக்களாகாத பொதுநிலை வீரர்களின் குழுவாகவே இவர்கள் தொடங்கினார்கள் என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது வாய்ப்புள்ளதாகத் தோன்றுகிறது. மெய்ப்பிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன்.

இனி ஆண்டுக்கு வருகிறேன். இங்கே நல்ல பிடிமானம் இருக்கிறது. த்ருவா பேரவையில் வகுக்கப்பட்ட விதிநூலின் முன்னுரையை ஜான் மிகாயேல் என்ற எழுத்தர் எழுதினார். பேரவை புனித ஹிலாரியின் திருநாளில், அதாவது ஜனவரி 13-இல், 1128-ஆம் ஆண்டில், சபை தொடங்கிய ஒன்பதாம் ஆண்டில் கூடியது என்கிறார் அவர். இந்த 1128-ஐ நெடுங்காலம் அப்படியே எடுத்துக்கொண்டு, ஒன்பதைக் கழித்து 1118 அல்லது 1119 என்று எழுதிவந்தார்கள். ஆனால் அந்தப் பகுதியில் அன்று புத்தாண்டு ஜனவரி முதல் நாளில் பிறக்கவில்லை. மார்ச் 25-இல், கன்னி மரியாவுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாளில் பிறந்தது. சித்திரை முதல் நாளில் ஆண்டு பிறக்கும் நம் கணக்கில் தைப்பொங்கல் பழைய ஆண்டிலேயே வருவது எப்படியோ, அப்படியே அவர்களின் 1128 ஜனவரி நம் கணக்கில் 1129 ஜனவரி. இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் ருடால்ஃப் ஹீஸ்டாண்ட் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர். 1129 ஜனவரி ஒன்பதாம் ஆண்டுக்குள் வர வேண்டுமானால், தொடக்கம் 1120 ஜனவரி நடுப்பகுதிக்கு முன் இருக்க முடியாது. இத்துடன் ஃபிளாண்டர்ஸ் பிரபு தியெரி 1128 செப்டம்பரில் கொடுத்த கொடைப் பத்திரம் ஒன்றும் அதே ஒன்பதாம் ஆண்டைக் குறிக்கிறது. அப்படியானால் தொடக்கம் 1120 செப்டம்பருக்குப் பின்னும் போக முடியாது. சபையினர் தாங்களே தங்கள் தொடக்கமாக எண்ணிக்கொண்ட நாள், 1120 ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் விழுகிறது. வில்லியமின் 1118-ஐவிட இது வலுவானது. ஏனென்றால் இது ஐம்பது ஆண்டு கழித்து வந்த நினைவு அல்ல, ஹ்யூக் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்ட கணக்கு.

அந்த மாதங்களில் அந்த நாடு இருந்த நிலையைப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் பொருந்துகிறது. யாப்பா துறைமுகத்திலிருந்து ஜெருசலேமுக்கு மலைப்பாதை. 1102-இல் அவ்வழியே நடந்த சேவுல்ஃப் என்ற பயணி, பாறைக் குகைகளில் கொள்ளையர் பதுங்கியிருந்ததையும், விலங்குகள் கடித்துக் குதறிய உடல்கள் வழிநெடுகக் கிடந்ததையும், குழிவெட்ட மண்ணும் இல்லை, வெட்ட நின்றால் வெட்டுபவனுக்கே குழி என்பதால் யாரும் நிற்கவில்லை என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். 1119 உயிர்ப்புத் திருவிழாவின்போது, ஜெருசலேமிலிருந்து யோர்தான் ஆற்றுக்குப் போன ஏறத்தாழ எழுநூறு திருப்பயணிகள் தாக்கப்பட்டு, முன்னூறு பேர் கொல்லப்பட்டதாகவும் அறுபது பேர் சிறைபிடிக்கப்பட்டதாகவும் ஆஹன் நகரத்து ஆல்பர்ட் எழுதுகிறார். அதே ஆண்டு ஜூன் 28-இல் அந்தியோக்கியாவின் ஆட்சியாளர் ரோஜர், துருக்கியத் தலைவர் இல்காசியின் படையிடம் தோற்று மாண்டார். அவருடைய படை ஏறக்குறைய முழுவதுமாக அழிந்த அந்தக் களத்தை இரத்த வயல் என்றே அழைத்தார்கள். இரண்டு பேரழிவுகளுக்குப் பின், 1120 ஜனவரியில் நாப்லுசில் அரசனும் முதுபெரும் தந்தையும் பிரபுக்களும் ஆயர்களும் கூடி இருபத்தைந்து விதிகளை இயற்றினார்கள். அவற்றுள் ஒன்று, தற்காப்புக்காக ஆயுதம் எடுத்த குருவைக் குற்றவாளியாகக் கருதக்கூடாது என்கிறது. டெம்ப்ளர் சபைக்கு ஒப்புதல் கிடைத்தது இந்தக் கூட்டத்தில்தான் என்று பல நூல்கள் உறுதியாக எழுதிவிடுகின்றன. அந்த இருபத்தைந்து விதிகளில் அவர்கள் பெயர் எங்கும் இல்லை. நாளும் இடமும் ஆட்களும் பொருந்துகிறார்கள் என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் அது ஊகம்.

ஒன்பது பேர் என்ற எண்ணிக்கையை நான் ஏற்பதில்லை. ஒன்பது ஆண்டு, ஒன்பது பேர் என்ற அமைப்பே கதைசொல்லியின் கைவண்ணத்தைக் காட்டுகிறது. ஆனால் அதைவிட வலுவான காரணங்கள் உள்ளன. 1120-இல் புனித நாட்டுக்கு வந்த ஆஞ்சு பிரபு ஃபுல்க் இவர்களோடு சிறிது காலம் இணைந்திருந்து, நாடு திரும்பியபின் ஆண்டுதோறும் முப்பது பவுண்டு அனுப்ப ஏற்பாடு செய்ததாக ஓர்டெரிக் என்ற நார்மண்டித் துறவி எழுதுகிறார். 1125-இல் ஷாம்பான் பிரபு ஹ்யூக் தன் நாட்டையே விட்டுக்கொடுத்து இந்தச் சபையில் சேர்ந்தார். அதற்காக அவரைப் பாராட்டி, தம்மோடு துறவியாகச் சேராமல் போனதற்கு வருந்தி, கிளேர்வோ மடத்தலைவர் பெர்னார்ட் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இதில் ஒரு சுவையான தலைகீழ் மாற்றம் உண்டு: பயான் ஊர் ஹ்யூக் ஒரு காலத்தில் இந்தப் பிரபுவின் ஆளாக இருந்தவர், இப்போது பிரபு அவருக்குக் கீழ்ப்படியும் சகோதரர். த்ருவா பேரவைக்கு ஹ்யூக்கோடு ஐந்து சகோதரர்கள் வந்திருந்ததை விதிநூலின் முன்னுரை பெயர் சொல்லிக் குறிக்கிறது. மொத்தமே ஒன்பது பேர் என்றால், அவர்களில் ஆறு பேர் கடல்கடந்து பிரான்சில் இருக்கும்போது ஜெருசலேமில் மூன்று பேர் பாதை காத்தார்கள் என்றாகிவிடும். ஒன்பது பெயர்களையும் வரிசையாகத் தரும் பட்டியல்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவை வெவ்வேறு பத்திரங்களில் கிடைத்த பெயர்களைப் பிற்காலத்தவர் கோத்தவை. வில்லியம் பெயர் சொல்வது இருவரை மட்டுமே. முழு வாக்குறுதி கொடுத்த வீரர்கள் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்து, அவர்களைச் சுற்றிப் பணியாளரும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சேர்ந்து பணிபுரிந்த வீரர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. விதிநூலே அத்தகைய தற்காலிக வீரர்களுக்கு இடம் ஒதுக்குகிறது.

அந்த விதிநூலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடக்க ஆண்டுகளைப் பற்றிய நேரடிச் சாட்சியத்துக்கு மிக அருகில் வருவது அதுதான். பேரவையில் ஹ்யூக் எழுந்து தங்கள் வாழ்க்கை முறையை வாய்மொழியாக விவரித்தார் என்றும், கூடியிருந்த தந்தையர் அதில் நல்லவை எனப்பட்டவற்றை ஏற்று, பொருந்தாதவை எனப்பட்டவற்றை ஒதுக்கினார்கள் என்றும் முன்னுரை சொல்கிறது. அப்படியானால் எழுபத்திரண்டு பிரிவுகள் கொண்ட இலத்தீன் விதிநூலுக்கு முன்பே, எழுத்தில் இல்லாத ஒரு நடைமுறை ஜெருசலேமில் ஒன்பது ஆண்டுகளாகப் புழங்கிவந்திருக்கிறது. வீரர் ஒருவருக்கு மூன்று குதிரைகள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் இறைச்சி. பாத்திரங்கள் குறைவாக இருப்பதால் இருவர் இருவராக உண்பது. வேட்டை கூடாது, சிங்கத்தைத் தவிர. இவற்றில் எது ஹ்யூக் கொண்டுவந்தது, எது த்ருவாவில் அமர்ந்திருந்த மடத்தலைவர்கள் சேர்த்தது என்று பிரித்துக்காட்டுவது கடினம். ஆனால் இருவர் ஒரு பாத்திரத்தில் உண்பதும் சிங்கமும் ஷாம்பான் மடங்களின் அனுபவத்திலிருந்து வந்திருக்க முடியாது என்று நினைக்கும்போதெல்லாம், ஃபுல்ஷேர் எழுதாமல் விட்ட அந்தச் சிறு குழுவின் சமையற்கட்டை ஒரு கணம் எட்டிப் பார்த்ததுபோல் எனக்கு இருக்கும்.

திருப்பயணிகளைக் காப்பதுதான் தொடக்க நோக்கமா என்ற கேள்விக்கு, அது நோக்கங்களில் ஒன்று என்று நம்பிக்கையோடு சொல்லலாம். ஒரே நோக்கம் என்று சொல்ல முடியாது. சீமோன் நாட்டுப் பாதுகாப்பைச் சொல்கிறார், மிகாயேலின் அரசன் படைவீரர்களைத் தேடுகிறான், வில்லியம் பாதையைச் சொல்கிறார். பிற்கால நடைமுறை வில்லியமுக்கு ஓரளவு துணைநிற்கிறது: ஜெருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலையில், செந்நீர்த் தொட்டி என்று பெயர்பெற்ற இடத்தில் டெம்ப்ளர்களுக்கு ஒரு சிறு கோட்டை இருந்தது, 1170 அளவில் அவ்வழியே போன தியோடெரிக் என்ற பயணி, யோர்தான் செல்லும் கூட்டங்களுக்கு அவர்கள் காவல் கொடுத்ததைக் குறிப்பிடுகிறார். 1119-இல் முன்னூறு பேர் மாண்டது யோர்தான் பயணத்தில்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

தோண்டிய கதைக்கு வருகிறேன். சிலுவைப் போர்வீரர்கள் சாலமோன் ஆலயம் என்று அழைத்தது அல்-அக்சா பள்ளிவாசலை. பைபிளில் வரும் ஆலயம் அவர்கள் காலத்துக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே அழிந்துவிட்டது. அந்தக் கட்டடம் 1120-இல் இருந்த நிலையைச் சொல்வதும் நம் ஃபுல்ஷேர்தான்: பழுதுபார்க்கப் பணமில்லாமல் அது பெருமளவு சிதைந்து கிடந்தது, கூரையிலிருந்து விழுந்த, பெயர்த்தெடுத்த ஈயத்தை அரசன் முதலாம் பால்ட்வினே வணிகர்களுக்கு விற்றான். அரசர்கள் பின்னர் தாவீதின் கோபுரத்தருகே குடிபெயர்ந்தார்கள். பழைய அரண்மனை டெம்ப்ளர்களுக்குப் போயிற்று. ஒழுகும் கூரையுள்ள அரசுக் கட்டடத்தை வீடற்ற வீரர்களுக்குத் தள்ளிவிட்டதில் மர்மம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் அடியில் தோண்டினார்கள் என்றோ எதையாவது கண்டெடுத்தார்கள் என்றோ பன்னிரண்டாம் நூற்றாண்டின் எந்தச் சாட்சியும், அவர்களை வெறுத்தவர்கள் உட்பட, சொல்லவில்லை. 1307-இல் பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப் அவர்களைச் சிறைப்பிடித்துச் சுமத்திய குற்றச்சாட்டுகளின் நீண்ட பட்டியலிலும் அப்படி ஒன்று இல்லை. இரகசிய அறிவின் காவலர்கள் என்ற உருவம் பதினெட்டாம் நூற்றாண்டில் மேசன் சபைகள் என்னும் இரகசியச் சங்கங்களின் சடங்குகளில் வளர்ந்தது.

தொடக்கத்தை 1114-க்கே தள்ளும் வாதம் ஒன்றையும் நீங்கள் சந்திக்கக்கூடும். ஷார்த்ர் ஆயர் இவோ, மேலே சொன்ன ஷாம்பான் பிரபு ஹ்யூக்குக்கு எழுதிய கடிதத்தில், அவர் ஜெருசலேமுக்குச் செல்லக் கிறிஸ்துவின் படைக்கு நேர்ந்துகொண்டதாகக் குறிப்பிட்டு, மனைவியைக் கைவிட்டுப் போகலாகாது என்று கண்டிக்கிறார். கிறிஸ்துவின் படை என்ற சொல் அன்று துறவிகளுக்கும் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட எவருக்கும் பொதுவாக வழங்கிய சொல். அதை வைத்து ஒரு சபையைக் கட்ட முடியாது. இஸ்லாமிய எல்லைப்புறங்களில் வழிபாட்டையும் காவலையும் ஒருங்கே மேற்கொண்ட ரிபாத் என்னும் காவல் மடங்களைப் பார்த்து இவர்கள் கற்றார்கள் என்ற கருத்தும் உண்டு. ஒற்றுமை கண்ணில் படத்தான் செய்கிறது. ஆனால் கற்றதற்கான சான்று எதையும் எவரும் காட்டவில்லை.

ஆகவே உங்கள் குறிப்பேட்டில் எழுத வேண்டுமானால், ஆண்டை 1120 என்று எழுதுங்கள். அது சபையினர் தாங்களே எண்ணிய கணக்கு. த்ருவா பேரவைக்கு 1129 ஜனவரி என்று எழுதுங்கள். பழைய நூல்களில் 1128 என்று கண்டால் அது அச்சுப்பிழை அல்ல, மார்ச்சில் பிறந்த ஆண்டு. ஹ்யூக், காட்ஃப்ரே, இரண்டாம் பால்ட்வின், அல்-அக்சா ஆகிய நான்கையும் தயங்காமல் எழுதலாம். நாப்லுஸ் கூட்டத்துக்கு முன் ‘ஒருவேளை’ என்று சேர்த்துவிடுங்கள். ஒன்பது பேர் என்று எழுதியே ஆகவேண்டும் என்றால், பக்கத்தில் ‘பேராயர் வில்லியம் சொல்கிறபடி’ என்று போட்டு, அடுத்த வரியில் மிகாயேலின் முப்பதையும் எழுதிவையுங்கள்.